கவிதை ஓடும், படம் நிற்கும்: ரொமான்டிக் கால அச்சுப்படங்கள், ஓர் அறிமுகம்

ஒரு குதிரை ஆற்றிலிருந்து கரையேறப் பார்க்கிறது. முன்னங்கால்கள் மேட்டைப் பற்றிவிட்டன. பின்பாரம் இன்னும் கீழே இழுக்கிறது. அதன் முதுகில் ஓர் இளைஞனை மல்லாக்கக் கட்டியிருக்கிறார்கள். உடம்பில் துணி இல்லை. சேணமும் இல்லை, கடிவாளமும் இல்லை. பின்னால் கறுத்த வானம். 1823-ல் பாரிஸில் ஓவியர் தியோடோர் ஜெரிக்கோ, தன் நண்பர் யூஜீன் லாமியுடன் சேர்ந்து வரைந்து வெளியிட்ட கல்லச்சுப் படம் இது. பெயர் 'மசெப்பா'.

யார் இவன், ஏன் கட்டினார்கள் என்று படம் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. வாங்கியவர்களுக்குக் கதை முன்பே தெரியும்.

1819-ல் ஆங்கிலக் கவிஞர் பைரன் வெளியிட்ட நீண்ட கதைக்கவிதை அது. 1709-ல் பொல்டாவா போரில் தோற்று ஓடிக்கொண்டிருக்கும் சுவீடன் மன்னன் பன்னிரண்டாம் சார்லஸ் இரவில் ஒரு மரத்தடியில் ஒதுங்குகிறான். காயம் வலிக்கிறது, தூக்கம் வரவில்லை. கூட இருக்கும் எழுபது வயது மசெப்பாவிடம் (உக்ரைன் புல்வெளிக் குதிரைவீரர்களான கொசாக்குகளின் தலைவர் அவர்), உன் கதையைச் சொல், கேட்டாலாவது தூக்கம் வருகிறதா பார்ப்போம் என்கிறான். கிழவர் ஆரம்பிக்கிறார். இருபது வயதில் போலந்து அரசவையில் பணியாளாக இருந்தது, ஒரு பிரபுவின் இளம் மனைவி தெரேசாவைக் காதலித்தது, அகப்பட்டுக்கொண்டது, அப்போதுதான் பிடித்து வந்த உக்ரைன் காட்டுக்குதிரையின் முதுகில் தன்னைக் கட்டி விரட்டிவிட்டது. குதிரை தன் பிறந்த மண்ணை நோக்கி ஓடுகிறது. காட்டில் ஓநாய்கள் துரத்துகின்றன. ஆறு குறுக்கிடுகிறது. கடைசியில் காட்டுக்குதிரைக் கூட்டம் ஒன்றின் கண்ணெதிரே குதிரை செத்து விழுகிறது. அதன்மேல் கட்டுண்டபடியே கிடக்கும் மசெப்பாவின் மரணத்துக்காக ஓர் அண்டங்காக்கை பக்கத்தில் காத்திருக்கிறது. கண் விழித்தால் ஒரு கொசாக் குடிசை; ஒரு பெண் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இவான் மசெப்பா வரலாற்றில் வாழ்ந்த மனிதர்தான். குதிரையில் கட்டி விரட்டிய கதையோ செவிவழி வந்தது. வால்டேர் 1731-ல் சார்லஸ் மன்னனின் வரலாற்றை எழுதியபோது அதைச் சேர்த்தார். பைரன் அங்கிருந்து எடுத்துக்கொண்டார்.

கவிதையில் இந்த ஓட்டம் நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நீள்கிறது. படிக்கிறவனுக்கும் மூச்சு வாங்கும். படத்துக்கு அந்த வசதி கிடையாது. அதற்குக் கிடைப்பது ஒரே ஒரு கணம். ஆகவே ஒரு கதைக்கவிதையைப் படமாக்குபவன் எடுக்கும் முதல் முடிவு, எந்தக் கணம் என்பதுதான். பைரனிடம் குதிரை நனைந்த பிடரியோடும் தள்ளாடும் கால்களோடும், தன்னை ஏறவிடாத கரையோடு மல்லுக்கட்டும் சில வரிகள் உண்டு. ஜெரிக்கோ அவற்றைப் பிடித்துக்கொண்டார். அடுத்த நொடி ஏறிவிடலாம், சரிந்தும் விடலாம். படம் அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அந்தச் சமயத்தில் அவரே குதிரையிலிருந்து விழுந்த காயங்களாலும் நோயாலும் நலிந்திருந்தார். மறு ஆண்டு ஜனவரியில் 32 வயதில் இறந்துபோனார். அதைப் படத்துக்குள் வலிந்து தேட வேண்டாம். ஆனால் தெரிந்துகொண்ட பிறகு மறப்பதும் எளிதல்ல.

மற்றவர்கள் வேறு கணங்களைத் தேடிப் போனார்கள். 1824-ல் பிரெஞ்சு ஓவியர் தெலாக்ருவா செத்துக்கொண்டிருக்கும் குதிரையை வரைந்தார். 1826-ல் ஓராஸ் வெர்னே துரத்தும் ஓநாய்களை எடுத்தார். 1827-ல் லூயி பூலாஞ்சே இளைஞனைப் பிடித்துக் குதிரையில் கட்டும் காட்சியைப் பெரிய திரைச்சீலையில் தீட்டினார். ஒரே கவிதை, ஆளுக்கொரு நொடி.

இங்கே 'ரொமான்டிக்' என்ற சொல்லைப் பற்றி இரண்டு வரி. தமிழில் இதைக் கேட்டதும் கடற்கரையும் காதல் ஜோடியும் நினைவுக்கு வரும். கலை வரலாற்றில் அது ஏறத்தாழ 18-ஆம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பாவில் நிலவிய ஒரு மனப்போக்கின் பெயர். அதற்கு முந்தைய தலைமுறை ஒழுங்கை, அளவை, கிரேக்க-ரோமானிய நிதானத்தை வழிபட்டது. இவர்கள் புயலையும் பாழடைந்த கோட்டையையும் தனித்து நிற்கும் மனிதனையும் தேடினார்கள். அச்சமும் வியப்பும் கலந்த உணர்ச்சியே கலையின் உச்சம் என்று நம்பினார்கள். காதலும் உண்டு; பெரும்பாலும் நல்லபடியாக முடியாது.

இவர்கள் காலத்தில் கதைக்கவிதை நாவலைப் போல விற்றது. பைரனின் 'கோர்சேர்' 1814-ல் வெளிவந்த அன்றே பத்தாயிரம் பிரதிகள் போனது. இத்தனை பேர் ஒரு கதையை மனதில் வைத்திருக்கும்போது அதன் படத்தையும் வாங்குவார்கள் என்று பதிப்பாளர்களுக்குக் கணக்குப் போடத் தெரியாதா? எண்ணெய் வண்ண ஓவியம் ஒருவருக்குத்தான் சொந்தமாகும். அச்சுப்படம் ஆயிரம் வீடுகளுக்குப் போகும்.

சரி, அச்சுப்படம் என்றால் என்ன? ஓர் ஓவியத்தின் நகல் என்று நினைத்தால் பாதிதான் சரி. கல்லிலோ உலோகத் தகட்டிலோ மரக்கட்டையிலோ உருவத்தை அமைத்து, அதில் மை ஏற்றி, தாளை வைத்து அழுத்தி எடுப்பது அச்சுப்படம். எடுக்கும்போது இடம் வலமாக மாறிவிடும். கலைஞன் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாற்றி யோசித்துத்தான் வரைய வேண்டும். எந்தப் பொருளில், எந்தக் கருவியால் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்து படத்தின் குணமே மாறும். கம்பிபோன்ற கோடு ஒன்றில் வரும், புகைபோன்ற இருள் இன்னொன்றில் வரும். நான் சொல்ல வருவதும் இதைத்தான்: கவிதையை ஓவியன் மட்டும் படிப்பதில்லை. கல் ஒரு விதமாகப் படிக்கிறது, எஃகு வேறு விதமாகப் படிக்கிறது.

கல்லிலிருந்து தொடங்கலாம். பவேரியாவைச் சேர்ந்த அலோய்ஸ் செனஃபெல்டர் நாடகம் எழுதி, அதை அச்சிடப் பணமில்லாமல் மலிவான வழி தேடிக்கொண்டிருந்தவர். ஒருநாள் தாயார் சலவைக்கணக்கை எழுதிவைக்கச் சொன்னாராம். கையில் தாள் இல்லாமல் பக்கத்தில் கிடந்த சுண்ணாம்புக் கல்லில் மெழுகு மையால் எழுதினாராம். அவரே சொன்ன கதை. அந்தச் சலவைக்கணக்கில் ஆரம்பித்த சோதனைகள் 1798-வாக்கில் கல்லச்சாக முடிந்தன. தத்துவம் சமையலறையில் எல்லோரும் பார்த்ததுதான்: எண்ணெயும் நீரும் ஒட்டாது. வழுவழுப்பான கல்லில் கொழுப்புக் கலந்த பென்சிலால் வரைந்து, கல்லை நனைத்து, எண்ணெய் மையை உருட்டினால் மை கோடுகளில் மட்டும் ஒட்டும். ஈரமான இடம் அதைத் தள்ளிவிடும். சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் ஆஃப்செட் இயந்திரம் இன்றும் இதே பகையை நம்பித்தான் ஓடுகிறது.

ஓவியனுக்கு இதனால் என்ன ஆதாயம்? செம்புத் தகட்டில் உளியால் கோடு கிழிப்பது பல ஆண்டுப் பயிற்சி கேட்கும் தொழில். ஓவியன் வரைவான், செதுக்குபவன் மாதக்கணக்கில் உட்கார்ந்து அதைக் கோடுகளாக மாற்றுவான். அந்த மாற்றத்தில் ஓவியனின் கை நடுக்கமும் வேகமும் காணாமல் போகும். கல்லச்சில் இடைத்தரகர் இல்லை. தாளில் வரைவதுபோலவே கல்லில் வரையலாம், அழுத்தலாம், தேய்க்கலாம், சுரண்டலாம். ஓடும் குதிரைக்கு இதைவிடப் பொருத்தமான தொழில்நுட்பம் எது?

இதை இன்னும் துணிச்சலாகப் பயன்படுத்தியவர் தெலாக்ருவா. 1825-ல் லண்டன் போயிருந்தபோது ஃபாவுஸ்ட் கதையை மேடையில் பார்த்தார். சாத்தானின் தூதன் மெஃபிஸ்டோவிடம் ஆன்மாவை அடகு வைக்கும் அறிஞன் கதை. ஜெர்மானியக் கவிஞர் கெதே நாடக வடிவில் எழுதிய கவிதை. பாரிஸ் திரும்பியதும் கல்லில் வரைய ஆரம்பித்தார். 1828-ல் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு சேர்ந்து, 17 காட்சிகளும் கெதேயின் உருவப்படமுமாக நூல் வெளிவந்தது. முதல் படத்திலேயே மெஃபிஸ்டோ இரவு நகரத்தின் மேல் நிர்வாணமாகப் பறக்கிறான். நீண்ட நகங்கள், விரிந்த சிறகுகள், கோணல் சிரிப்பு. அப்போதைய ரசிகர்கள் பலருக்கு இது வெறும் அவலட்சணமாகப் பட்டது. விற்பனையும் மந்தம்.

கெதேக்கு மட்டும் பிடித்திருந்தது. 1826 நவம்பரில், 77 வயதில், முன்கூட்டியே வந்த இரண்டொரு படங்களை அவர் பார்த்தார். ஒன்றில் ஃபாவுஸ்டும் மெஃபிஸ்டோவும் நள்ளிரவில் தூக்குமரத்தைக் கடந்து குதிரையில் பறக்கிறார்கள். ஃபாவுஸ்டின் தலைமயிர் காற்றில் பறக்கிறது, உடம்பு முழுக்கப் பதற்றம். மெஃபிஸ்டோவோ சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறான். தான் எழுதிய காட்சிகளைத் தன் கற்பனையைவிட நன்றாக இந்த இளைஞன் கண்டுவிட்டான் என்ற பொருளில் கெதே பேசியதை, அவருடைய உதவியாளர் எக்கர்மன் எழுதிவைத்திருக்கிறார். எழுதியவனே இப்படிச் சொல்வது அபூர்வம். எழுத்தாளர்கள் தம் கதைக்கு வரைந்த படங்களைப் பார்த்து வழக்கமாக முகம் சுளிப்பார்கள்.

இந்தப் படங்களின் தொடக்கப் பிரதிகள் சிலவற்றில் ஓரங்களில் சின்னச்சின்னக் கிறுக்கல்கள் இருக்கும்: சிங்கம், குதிரைத் தலை, இப்படி. நூலாக அச்சிடும்போது கல்லிலிருந்து அவற்றைத் துடைத்துவிட்டார்கள். எனக்கு நடுவில் இருக்கும் காட்சியைவிட அந்த ஓரத்துச் சிங்கங்கள்மேல்தான் கண் போகும்.

இனி இருட்டுக்குப் போவோம். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பொருத்தம் அங்கேதான் இருக்கிறது.

ஜான் மில்டனின் 'இழந்த சொர்க்கம்' 1667-ல் வந்த காவியம். ரொமான்டிக் காலத்துக்கு ஒன்றரை நூற்றாண்டு மூத்தது. கடவுளை எதிர்த்துத் தோற்று நரகத்தில் விழும் சாத்தானில் தொடங்கி, ஆதாமும் ஏவாளும் ஏதேனிலிருந்து வெளியேறுவதில் முடியும். பார்வை போன பிறகு மில்டன் வாயால் சொல்லி எழுதுவித்தது. முதல் காண்டத்தில் நரகத்தை வருணிக்கிறார்: சுற்றிலும் உலைபோல் தீ எரிகிறது, ஆனால் அந்தத் தீயிலிருந்து ஒளி வரவில்லை, கண்ணுக்குத் தெரிகிற இருள்தான் வருகிறது. இதை எப்படி வரைவது? வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு போட்டு வரைந்தால் வெளிச்சம்தான் அடிப்படை, இருள் பிறகு வந்து சேர்வது. மில்டன் கேட்பது அதற்கு நேர் எதிரானது.

நேர் எதிராக வேலை செய்யும் ஓர் அச்சுமுறை இருந்தது. அதன் பெயர் மெசோடிண்ட். பல்வைத்த வளைந்த விளிம்புள்ள ஒரு கருவியைத் தகட்டின்மேல் தொட்டிலாட்டுவதுபோல ஆட்டி ஆட்டி, எல்லாத் திசையிலும் குத்துவார்கள். தகடு முழுக்க நுண்ணிய பள்ளமும் பிசிருமாகச் சொரசொரத்துவிடும். இப்போது மை பூசி அச்செடுத்தால் வெல்வெட்போன்ற முழுக் கறுப்பு வரும். படம் என்று ஒன்றும் இருக்காது. இனிமேல்தான் கலைஞனின் வேலை. எங்கெல்லாம் வெளிச்சம் வேண்டுமோ அங்கெல்லாம் சொரசொரப்பைச் சுரண்டி எடுப்பான். கொஞ்சம் சுரண்டினால் சாம்பல் நிறம்; நன்றாக மெருகிட்டால் வெள்ளை. இருளுக்குள்ளிருந்து ஒளியை அகழ்ந்து எடுப்பது. மில்டனின் நரகத்துக்கென்றே யாரோ கண்டுபிடித்ததுபோல இருக்கிறது அல்லவா? உண்மையில் மெசோடிண்ட் 1642-லேயே பிறந்துவிட்டது. இங்கிலாந்தில் நெடுநாள் பிரபுக்களின் உருவப்படங்களைப் பட்டும் சருமமுமாக அச்சிட்டுக்கொண்டிருந்தது.

அதை நரகத்துக்கு அழைத்துப் போனவர் ஜான் மார்ட்டின். 1789-ல் நார்த்தம்பர்லாந்தில் பிறந்தவர். பிரம்மாண்டமான பேரழிவுக் காட்சிகளுக்குப் பேர்போன ஓவியர். லண்டன் பதிப்பாளர் செப்டிமஸ் ப்ரோவெட், இழந்த சொர்க்கத்துக்கு 24 மெசோடிண்ட் படங்கள் செய்ய அவரை அமர்த்தினார். கூலி 2,000 பவுண்டு. வேலை நடக்கும்போதே அதே காட்சிகளைச் சிறிய அளவில் இன்னொரு வரிசையாகவும் கேட்டு, அதற்கு 1,500 பவுண்டு தந்தார். 1825 முதல் 1827 வரை பகுதி பகுதியாக வெளிவந்தன. மார்ட்டின் தாளில் முழுதாக வரைந்து பார்த்துவிட்டுத் தகட்டுக்குப் போகவில்லை; நேராகத் தகட்டிலேயே கற்பனை செய்தார்.

தகடு செம்பல்ல, எஃகு. மெசோடிண்ட் பிசிர் செம்பில் சீக்கிரம் மழுங்கும். சில நூறு பிரதிகளுக்குள் கறுப்பு வெளிறிவிடும். 1820-களின் தொடக்கத்தில் தாமஸ் லப்டன் மென்மையாக்கிய எஃகைப் பயன்படுத்திக் காட்டினார். ஆயிரத்துக்கு மேலும் எடுக்க முடிந்தது. மில்டனின் இருள் நடுத்தர வர்க்கத்தின் வரவேற்பறைக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

படங்களைப் பாருங்கள். சாத்தான் ஒரு பெரிய கோளத்தின்மேல் அரியணையில் அமர்ந்து சபை நடத்துகிறான்; சுற்றிலும் அடுக்கடுக்காகப் புள்ளிகளாகத் தேவதூதர்கள். நரகத் தலைநகரமான பாண்டிமோனியத்தில் விளக்கு வரிசைகள் முடிவில்லாமல் நீள்கின்றன. விளக்குகள் மில்டனிலேயே உண்டு. ஆனால் அவற்றை இவ்வளவு ஒழுங்கான வரிசையாகப் பார்க்கும்போது, அப்போது எரிவாயு விளக்குகள் ஏற்றிக்கொண்டிருந்த லண்டன் தெருக்கள் நினைவுக்கு வராமல் போகாது. நரகத்துக்கும் பூமிக்கும் இடையே கட்டப்படும் பாலம் மார்ட்டினிடம் ஏறக்குறைய ஒரு சுரங்கப்பாதை. 1825-ல்தான் தேம்ஸ் நதிக்கு அடியில் சுரங்கம் தோண்டும் வேலை தொடங்கியிருந்தது. பிற்காலத்தில் லண்டனின் குடிநீருக்கும் சாக்கடைக்கும் திட்டங்கள் தீட்டிக் காசைக் கரைத்தவர் மார்ட்டின்; அவருக்குள் ஒரு பொறியாளர் உட்கார்ந்திருந்தார். மனித உடம்பு வரைவதில் சுமார்தான், அந்தக் காலத்து விமர்சகர்களே சொல்லிவிட்டார்கள். அதனாலென்ன? அவர் படங்களில் ஆதாமும் ஏவாளும் மரங்களுக்கடியில் எறும்பளவு. பேசுவதெல்லாம் வெளியும் இருளும்தான்.

எஃகுக்கு இன்னொரு குணமும் உண்டு. கடினமான உலோகமாதலால் மயிரிழை போன்ற கோடுகளை அதில் நெருக்கமாகக் கிழிக்கலாம். அது உள்ளங்கை அளவுப் படங்களுக்கு வழிவிட்டது. சாமுவேல் ராஜர்ஸ் என்று ஒரு வங்கி முதலாளி; கவிஞரும்கூட. 'இத்தாலி' என்ற அவருடைய கவிதைநூல் 1822-லும் 1828-லும் வந்து விலைபோகவில்லை. மனம் தளராமல் சொந்தப் பணத்தைக் கொட்டி, டர்னர், ஸ்டாத்தர்ட் ஆகியோரிடம் படம் வரையச் செய்து 1830-ல் மீண்டும் போட்டார். விற்றுத் தீர்ந்தது. டர்னரின் படங்களுக்குச் சட்டம் கிடையாது; நடுவில் ஏரியோ மலையோ தெரியும், விளிம்புகள் தாளின் வெண்மையில் கரைந்துபோகும், கீழே கவிதை தொடரும். 1832-ல் ஜான் ரஸ்கின் என்ற சிறுவனுக்குப் பதின்மூன்றாவது பிறந்தநாள் பரிசாக இந்த நூல் கிடைத்தது. தன் வாழ்க்கையின் திசையையே அது தீர்மானித்தது என்று பின்னாளில் அவர் எழுதினார்; டர்னருக்காக வாதாடிய மாபெரும் விமர்சகர் அவர்தான். கவிதையை இன்று யாரும் படிப்பதில்லை. நானும் முழுதாகப் படித்தேன் என்று சொல்லமாட்டேன்.

இந்த வரிசையில் ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக்கை விட்டுவிட முடியாது. ஆனால் அவர் எந்த வரிசையிலும் நிற்காதவர். அறுபது வயது கடந்தபின், 1824-ல், ஓவியர் ஜான் லின்னல் கேட்டதற்கிணங்க நரகத்தையும் சொர்க்கத்தையும் சுற்றிவரும் இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் காவியத்துக்குப் படம் வரைய உட்கார்ந்தார். 102 நீர்வண்ணப் படங்கள் வரைந்தார். அவற்றில் ஏழு படங்களை மட்டும் செம்பில் செதுக்க முடிந்தது. அவையும் முழுமை பெறுமுன் 1827-ல் இறந்தார். அந்த ஏழில் நரகத்தில் காமத்துக்குத் தண்டனை பெறுவோரின் வட்டம் ஒன்று: காதலர்கள் கூட்டம் ஒரு சுழற்காற்றில் கயிறுபோல முறுக்கிக்கொண்டு மேலே போகிறது. ஊரெல்லாம் கல்லச்சுக்கும் எஃகுக்கும் மாறிக்கொண்டிருந்தபோது, இளமையில் கற்ற செம்பு வேலையை அவர் விடவில்லை. அந்தச் சுழற்காற்று உளியின் கோடுகளால்தான் அப்படிச் சுழல்கிறது.

இத்தகைய படம் ஒன்று கண்ணில் பட்டால், பிரிட்டிஷ் மியூசியமும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் இணையத்தில் நிறையவே வைத்திருக்கின்றன, முதலில் கீழ் விளிம்பைப் பாருங்கள். செதுக்கிய தகடுகளில் இடது மூலையில் வரைந்தவர் பெயரும் வலது மூலையில் செதுக்கியவர் பெயரும் பொடி எழுத்தில் இருக்கும். நடுவில் தலைப்பும், சிலவற்றில் கவிதையின் ஓரிரு வரிகளும். இரண்டு மூலையிலும் வேறு வேறு பெயர் என்றால் இரண்டு கைகள் பட்ட படம் அது. பிறகு உருப்பெருக்கிப் பாருங்கள். கோடுகளாகப் பிரிந்தால் உளிவேலை. பென்சில் துகள்போல் சிதறினால் கல்லச்சு. எங்குமே கோடில்லாமல் இருள் மட்டும் மெல்ல வெளுத்துக்கொண்டே போனால் மெசோடிண்ட். அதன் பிறகு கவிதையைத் தேடிப் படியுங்கள். ஓவியன் எதை எடுத்தான் என்பதோடு எதை விட்டான் என்பதும் அப்போதுதான் தெரியும்.

மசெப்பாவுக்கே திரும்புகிறேன், அந்தக் குதிரை அப்புறமும் நிற்கவில்லை. வெர்னேயின் ஓநாய் ஓவியம் அவருடைய பட்டறையில் யாரோ வாள் சுழற்றி விளையாடியபோது கிழிந்தது. அவர் இன்னொரு பிரதி வரைந்தார். இரண்டும் இன்று அவிஞோன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பூலாஞ்சேயின் ஓவியத்தைப் பார்த்து விக்டர் ஹ்யூகோ தன் பங்குக்கு ஒரு மசெப்பா கவிதை எழுதி, 1829-ல் அவருக்கே காணிக்கையாக்கினார். கவிதை படமாகி, படம் மறுபடி கவிதையானது. ஹ்யூகோவைப் படித்த லிஸ்ட் அதை இசையாக்கினார். 1846-ல் நியூயார்க்கில் நத்தானியேல் கரியர் மலிவான கல்லச்சுகளாக நான்கு மசெப்பா படங்கள் போட்டு விற்றார்.

இந்தப் படங்கள் எதிலும் கதை சொல்லும் கிழவர் இல்லை. எல்லாவற்றிலும் இளைஞன்தான், குதிரைதான், அந்தக் கட்டுத்தான். பைரனின் கவிதையோ மரத்தடியில் முடிகிறது. மசெப்பா கதையை முடித்துவிட்டு இலைப்படுக்கையில் சாய்கிறார். மன்னன் நன்றி சொல்லவில்லை. கிழவருக்கு அது வியப்பாகவும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்தவன் தூங்கிப்போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.